ஒரு எடைச் சீட்டும் பதினோரு டிராக்டரும்

திங்கட்கிழமை காலை 10.40-க்கு போன் அடித்தால் இரண்டே பேர்தான். ஒன்று, லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண். இல்லாவிட்டால் என் மாமா.

அன்றைக்கு மாமா.

“மருமவனே, வேலையா இருக்கியா?”

“இல்ல மாமா, சொல்லுங்க.” (வேலையாகத்தான் இருந்தேன். டீ குடிப்பதும் ஒரு வேலைதானே?)

“ஒன்னோட கம்ப்யூட்டரு சுத்திக்கிட்டே கெடக்குப்பா.”

“என்னோட கம்ப்யூட்டரா?”

“நீ எழுதுனதுதானய்யா? வண்டி எடை மேடையில ஏறி நிக்குது. எடையும் தெரியுது. சீட்டு மட்டும் வரல. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எனக்குப் பின்னாடி பதினோரு டிராக்டர். அம்புட்டுப் பேரும் என்னையப் போட்டு மொறைக்கான். கெழக்க வேற கருக்கல் கட்டுது.”

மாமாவுக்கு ஊர் குளத்தூர். சென்னைவாசிகள் உடனே பஸ் நம்பர் சொல்ல ஆரம்பிக்க வேண்டாம், அது கொளத்தூர். இது தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா. கரிசல் காடு. பேரில்தான் குளம் இருக்கிறது. மற்றபடி வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பார்கள். உளுந்து, பாசி, கம்பு, மல்லி, வத்தல். இப்போது கொஞ்ச வருஷமாக எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். தை மாதம் அறுப்பு. ஊருக்கே ஒரே வாரத்தில் அறுப்பு. அந்த வாரம் மழை வந்தால் போச்சு. நனைந்த சோளத்துக்கு ஈரப்பதம் பார்த்து விலையைக் குறைப்பார்கள்.

அங்கே சோளம் வாங்கும் கம்பெனிக்கு நாங்கள்தான் சாஃப்ட்வேர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது.

நான் சீட்டிலிருந்து ஓடினேன். பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்தது. ஹெட் ஆபீஸில் ஒரு மேனேஜர் வாரா வாரம் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, வந்து உட்கார்ந்து, விபூதியைச் சரி பண்ணிக்கொண்டு, ஒரு பட்டனைத் தட்டுவார். போன ஆறு மாதக் கொள்முதல் கணக்கு, கிளைவாரியாக, கலர் படத்தோடு. அது வந்து முடிகிறவரை குளத்தூரில் எடைச் சீட்டு வராது.

அந்த மேனேஜருக்கு இது தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டு வந்தது. ஆனால் வரிசை நகர்வதற்குள் மழையும் வந்தது. பின்னால் நின்ற மூன்று வண்டிகளில் தார்ப்பாய் இல்லை. அதில் ஒன்று மாமாவின் இரண்டாவது லோடு.

*

எங்கள் அப்ளிகேஷன் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆபீஸிலும் இதே கதைதான் என்பதால் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்.

முதலில் அது எடைச் சீட்டு மட்டும்தான் போட்டது. சின்னப் பையன் மாதிரி துறுதுறுவென்று இருந்தது. அடுத்த வருஷம், “இதிலேயே விவசாயி பணம் பட்டுவாடாவும் சேர்த்திடுங்களேன்” என்றார்கள். சேர்த்தோம். பிறகு லாரி வாடகை. பிறகு குடோன் ஸ்டாக். பிறகு ஊழியர் லீவு. ஒரு தீபாவளிக்கு, ஸ்கிரீனைத் திறந்ததும் எம்.டி. கைகூப்பி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதையும் சேர்த்தோம். பொங்கல் வந்தும் அவர் கையை இறக்கவில்லை.

ஆக, குளத்தூரில் எடை போடும் பையன் ஒரு சீட்டு எடுக்க வேண்டுமென்றால், லீவு, லாரி, குடோன், எம்.டி. எல்லாம் இறங்கி வந்து வரிசையாக நின்ற பிறகுதான் எடை வரும்.

இந்த மாதிரிப் புரோகிராமுக்கு எங்கள் பாஷையில் மோனோலித் என்று பெயர். ஒற்றைக்கல். கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் போனால் கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 8-ம் நூற்றாண்டில் பாண்டியர்கள் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செய்தது. அற்புதம். ஆனால் வேலை முடியாமலே நின்றுவிட்டது. ஒற்றைக்கல்லில் ஒரு சௌகரியம், எல்லாம் ஒன்றாக, உறுதியாக நிற்கும். ஒரு அசௌகரியம், ஒரு மூலையில் இருக்கும் சிற்பத்தை மட்டும் கழற்றி, துடைத்து, மாட்ட முடியாது. சிற்பத்துக்கு அது பரவாயில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டுக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

ஏன் ஒன்றுக்காக இன்னொன்று நிற்கிறது? டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருபது கிளாஸ். பதினெட்டு கிளாஸைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் பேர் பேப்பர் படிக்கிறார்கள். மெதுவாக உறிஞ்சுகிறார்கள். ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து “சீக்கிரம் ஒரு டீ” என்றால், மாஸ்டர் ரெடி, பால் ரெடி, கிளாஸ் இல்லை. டேட்டாபேஸோடு பேசுவதற்கும் இப்படி எண்ணி வைத்த கிளாஸ்கள் உண்டு. கனெக்‌ஷன் என்போம். மேனேஜரின் ரிப்போர்ட், பேப்பர் படிக்கிற ஆசாமி. மாமாவின் சீட்டு, பஸ் பிடிக்கிற ஆசாமி.

வழக்கமாக எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். இன்னும் பெரிய சர்வர் எடுத்தோம். இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் மேனேஜர், “இப்பத்தான் ஸ்பீடா இருக்கே, ஒரு வருஷத்து ரிப்போர்ட்டா குடுங்க” என்றார்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் ரயில் ஏறலாம். இந்தியாவில் இந்தத் தலைவலியைப் பெரிய அளவில் பட்டு, பட்டு, வைத்தியமும் பார்த்துக்கொண்டது ரயில்வேதான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ரிசர்வேஷன் எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேளுங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு நோட்டு. அந்த நோட்டு எந்த ஜன்னலில் இருக்கிறதோ அங்கேதான் அந்த ரயிலுக்கு டிக்கெட். ஒரு ஜன்னலில் தெரு வரை கூட்டம். பக்கத்து ஜன்னலில் கிளார்க் கொட்டாவி விடுவார். எல்லாம் பிரிந்துதான் இருந்தது. ஆனால் தப்பாகப் பிரிந்திருந்தது. 1980-களின் நடுவில் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியதும், எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்று ஆனது. அதாவது, சேர்த்ததுதான் அன்றைக்கு முன்னேற்றம். ஒற்றைக்கல்லைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அப்போதும் முழுக்க ஒன்றாக்கிவிடவில்லை. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள். 1999-ல் எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் கோத்தார்கள். 2002 ஆகஸ்ட்டில் ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட்டில் டிக்கெட் போட ஆரம்பித்தார்கள். அப்போது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். கூரியர்காரர் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

அதற்கப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். தட்கல். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, கட்டை விரலை மௌஸ் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வட்டம் சுற்றும். மாமா பார்த்த அதே வட்டம். 2014-ல் புதிய ஏற்பாடு வந்தது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்ததை 7,200 ஆக்கினார்கள். அது பெரிய சர்வர் வைத்தியம்.

அடுத்த வருஷம் செய்த ஒரு வைத்தியம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். 2015 ஜூனில் தட்கலையே இரண்டாக வெட்டினார்கள். ஏ.ஸி.க்குக் காலை 10 மணி. ஏ.ஸி. இல்லாததற்கு 11 மணி. கடிகாரத்தை வைத்தே கூட்டத்தைப் பிரித்தாயிற்று. இரண்டு முகூர்த்தத்துக்கு ஒரே பந்திக் கூடம் என்றால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரிப்பதில்லையா, அதே யோசனைதான்.

அதே 2015-ல், ஏப்ரலில், எழும்பூர் – தாம்பரம் மார்க்கத்தில் இன்னொன்று வந்தது. சாதா டிக்கெட்டுக்கு, அதாவது ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட்டுக்கு, காகிதமே இல்லாத மொபைல் டிக்கெட். யு.டி.எஸ். என்ற தனி ஆப். 2018 நவம்பரில் நாடு முழுக்க விரிந்தது. ஆரம்பத்தில் அதில் ஒரு தமாஷ் இருந்தது. ஸ்டேஷனுக்குள்ளே நின்றுகொண்டு டிக்கெட் எடுக்க முடியாது. கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பவர்களுக்காக அந்த ஏற்பாடு. நம்மை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

தனி ஆப் ஏன் சுலபமாக நடந்தது? சாதா டிக்கெட்டுக்கு என்னென்ன வேண்டாம் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். வயது வேண்டாம். பெர்த் வேண்டாம். காத்திருப்போர் பட்டியல் வேண்டாம். எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர், அவ்வளவுதான். ரிசர்வேஷனில் அப்படி இல்லை. ஒரு லோயர் பெர்த்தை ஒருத்தருக்குத்தான் கொடுக்கலாம். கோவில்பட்டியில் ஒருவரும் கோயம்புத்தூரில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்டால், யாராவது ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து “உனக்கு, உனக்கில்லை” என்று சொல்லியாக வேண்டும். சாதா டிக்கெட்டில் அந்த நடுவர் இல்லை. ஏறினால் இடம், இல்லாவிட்டால் வாசல் படி.

நடுவர் தேவையில்லாத வேலையை நடுவர் வீட்டு வாசலில் நிற்க வைக்காதே. பிரிப்பதில் இருக்கும் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான்.

*

நாங்கள் இதைப் புரிந்துகொண்டது கொஞ்சம் லேட்டாக. அதற்கு முன் ஒரு தப்புப் பண்ணினோம்.

எடைச் சீட்டை மட்டும் தனி ஆப்பாக எழுதினோம். குட்டி ஆப். திறந்தால் ஒரே ஸ்கிரீன். எம்.டி. கிடையாது. (அதற்கு அனுமதி வாங்கவே மூன்று மீட்டிங்.) ஆசையாகக் கொண்டுபோய் வைத்தோம். செவ்வாய்க்கிழமை பறந்தது. புதன், வியாழன் பறந்தது. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு மறுபடி வட்டம்.

ஆப்பைப் பிரித்துவிட்டோம். டேட்டாபேஸைப் பிரிக்கவில்லை. புது ஆப்பும் அதே ஹெட் ஆபீஸ் டேட்டாபேஸில்தான் போய் எழுதுகிறது. அதே இருபது கிளாஸ்.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருந்தேன். மாமா மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தைதான் சோறு போடும்போது, “ஈரம்னு சொல்லி வெலயக் கொறச்சிட்டாங்கப்பா” என்று பொதுவாகச் சொன்னார், என்னமோ அந்த ஈரத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. எனக்கு ரசம் இறங்கவில்லை.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் விளக்க முயன்றேன். ஆப் தனி, டேட்டாபேஸ் பொது என்று. சர்வர், கனெக்‌ஷன் என்றெல்லாம் அரை மணி நேரம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்க தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை மாதிரில்ல இருக்கு. காட்டை நாலாப் பிரிச்சாங்க. ஏரு தனி, மாடு தனி. களத்த மட்டும் பொதுவுல விட்டுட்டாங்க. அறுப்பு நாலு பேருக்கும் ஒரே நாள்தான வரும்? வருஷா வருஷம் களத்துல மண்டை ஒடையும்.”

“அப்புறம் என்ன செஞ்சாங்க?”

“அவனவன் காட்டுக்குள்ளயே சின்னதா ஒரு களம் போட்டுக்கிட்டான். அடிச்சு, தூத்தி, மூட்டையாக் கட்டிப் பெரிய வீட்டுக்குக் கொண்டாந்துருவான். மூட்டை என்னைக்கு வந்தா என்ன, மழைக்கு முன்னாடி அடிச்சாச்சுல்லா?”

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு மாதமாகக் கண்டுபிடிக்காததை அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

(இப்போது களமும் போய்விட்டது. தார் ரோட்டில் பாதியை அடைத்துச் சோளத்தைக் காயப்போடுகிறார்கள். யாரும் அனுமதி கொடுக்காத பொதுக் களம் அது. ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் ஜாக்கிரதை.)

*

சென்னை திரும்பியதும் முதலில் ஒரு பேப்பரை எடுத்து, ரயில்வே மாதிரி, எடைச் சீட்டுக்கு என்னவெல்லாம் வேண்டாம் என்று எழுதினேன். விலை வேண்டாம். விவசாயியின் பேங்க் அக்கவுண்ட் வேண்டாம். ஸ்டாக் வேண்டாம். பழைய பாக்கி வேண்டாம். வேண்டியது ஆறே ஆறு. விவசாயி நம்பர், வண்டி நம்பர், லோடு எடை, காலி எடை, ஈரப்பதம், நேரம். காசுக் கணக்கை ஹெட் ஆபீஸ் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளட்டும். எடைக்கு அவசரம், விலைக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

பிறகு எடை மேடை அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன டேட்டாபேஸ். சீட்டு அங்கேயே எழுதப்படும், அங்கேயே பிரிண்ட் ஆகும். நெட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஹெட் ஆபீஸுக்கு மூட்டை மூட்டையாகப் பின்னால் போகும். மேனேஜர் தாராளமாக இருபது வருஷத்து ரிப்போர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே நேரம் போகிறது என்று முதலிலேயே அளந்திருக்க வேண்டும், இப்போதாவது அளந்தோம். பழைய ஏற்பாட்டில் ஒரு சீட்டுக்கு, கூட்ட நேரத்தில், 41 செகண்ட். அதில் எடையைப் படிக்க ஒரு செகண்ட். பிரிண்டருக்கு இரண்டு. மீதி 38-ம் சும்மா நின்றது. புது ஏற்பாட்டில் மொத்தம் மூன்றரை செகண்ட். எங்கள் புரோகிராமில் எதையும் வேகமாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிற்பதை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

அடுத்த அறுப்புக்கு மாமா போன் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன்.

“சீட்டு எப்படி வருது மாமா?”

“வண்டிய விட்டு எறங்குறதுக்குள்ள நீட்டுறான்யா.”

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நாலு நாள்தான். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“மருமவனே, சனிக்கெழம நான் கொண்டாந்தது ஒரு லோடு. மெசேஜுல ரெண்டு லோடுன்னு வந்திருக்கு. பாத்துச் சரி பண்ணு. அடுத்தவன் காசு நமக்கெதுக்கு?”

ஒற்றைக்கல்லில் இல்லாத வியாதி இது. பிரித்த பிறகு வருவது. அன்றைக்கு நெட் விட்டு விட்டு வந்திருக்கிறது. குட்டி ஆப் மூட்டையை அனுப்பிவிட்டு, “வந்து சேர்ந்தது” என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. மூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் வழியில் காணாமல் போயிற்று. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பியிருக்கிறது. ஹெட் ஆபீஸ் வெள்ளந்தியாக இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது.

முன்பு ஒரே இடத்தில் எழுதியபோது இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு இடம் என்றால் நடுவில் ஒரு ரோடு. ரோடு என்றால் பஞ்சர். ஒவ்வொரு சீட்டுக்கும் அந்த எடை மேடையிலேயே ஒரு நம்பர் போட்டு, ஏற்கெனவே வந்த நம்பர் மறுபடி வந்தால் “சரி, வாங்கியாச்சு” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்படி ஹெட் ஆபீஸ் பக்கம் மாற்றினோம். ஒரே நாளில் முடிந்த வேலை. ஆனால் மாமா சொல்லியிருக்காவிட்டால்? எத்தனை லோடு இரண்டு தடவை விழுந்தது என்று மொத்தமும் தேடி எடுத்தோம். நல்ல வேளை, பணம் போவதற்குள்.

*

இதையெல்லாம் படித்துவிட்டு, நாளைக்கே உங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேரைக் கோடாலியால் பிளக்கக் கிளம்பிவிடாதீர்கள். பிளந்து பிளந்து அலுத்துப்போய் ஒட்டவைத்தவர்களும் உண்டு. அமேஸான் பிரைம் வீடியோவில் படமும் ஒலியும் சரியாகப் போகிறதா என்று கண்காணிக்கிற ஒரு பகுதி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். துண்டுகளுக்கு நடுவே சரக்கை ஏற்றி இறக்குவதிலேயே செலவு எகிறியது. 2023-ல் அவர்களே எழுதினார்கள்: அத்தனையையும் மறுபடி ஒரே புரோகிராமாகச் சேர்த்ததில் செலவு 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது என்று. உலகத்துக்கே பிரித்து விற்கிற கம்பெனி இதை வெளியே சொன்னதற்கு ஒரு சபாஷ்.

எதைப் பிரிப்பது, எதைச் சேர்த்து வைப்பது? கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்குத் தீப்பெட்டிதான் ஞாபகம் வரும். அந்தக் காலத் தீக்குச்சியில் எல்லா மருந்தும் குச்சியின் தலையிலேயே இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். சட்டைப்பையிலும் பற்றும். 1844-ல் ஸ்வீடனில் குஸ்டாஃப் எரிக் பாஷ் என்ற வேதியியல்காரர் பிரித்தார். பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்து உரசும் பட்டையில் தடவினார். இன்றைக்கும் அப்படித்தான், குச்சியில் பொட்டாசியம் குளோரேட், பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால்தான் நெருப்பு. ஆனால் பாருங்கள், குச்சியையும் பட்டையையும் தனித்தனியாக விற்கவில்லை. ஒரே பெட்டியில்தான் வருகிறது. வாங்குகிறவனுக்கு ஒன்று; உள்ளே இரண்டு.

ரயில்வேயும் கடைசியில் அங்கேதான் வந்திருக்கிறது. ரிசர்வேஷனுக்கு ஒரு ஆப், சாதா டிக்கெட்டுக்கு ஒரு ஆப் என்று ஜனங்கள் போனில் அடுக்கிக்கொண்டே போனதில், 2025 ஜூலை 1-ம் தேதி ரயில்ஒன் என்று ஒரே ஆப்பை வெளியிட்டார்கள். ரிசர்வேஷன், சாதா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் ஒரே வாசலில். பழைய ஆப்களில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதை வைத்தே உள்ளே போகலாம். ‘பிரித்தவர்களே சேர்த்துவிட்டார்களே, பிரித்தது தப்பா’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. வாசலைச் சேர்ப்பது வேறு. அடுப்பைச் சேர்ப்பது வேறு.

எங்கள் கம்பெனியில் மிச்ச ஒற்றைக்கல் அப்படியேதான் இருக்கிறது. லீவு, லாரி, குடோன், எல்லாம் ஒரே பாறை. யாருக்கும் அதனால் மழையில் நனையவில்லை. நனைகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். எம்.டி.யும் உள்ளே பத்திரமாகக் கைகூப்பிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மாமா பேசினார். வழக்கம் போல, வேலையா இருக்கியா என்று ஆரம்பித்தார்.

“சீட்டெல்லாம் நல்லா வருதா மாமா?”

“சீட்டு மூணு செகண்டுல வருது மருமவனே. ஒன்னச் சொல்லக் கூடாது. பணம்தான் இருவது நாளாகுது.”

“அது... ஹெட் ஆபீஸ் பக்கம் மாமா. பெரிய சிஸ்டத்துல...”

“தெரியும்யா. நான் என்ன சொல்லுதேன்னா,” என்றார் மாமா, “அதையும் ஒரு குட்டி ஆப்பாப் பிரிச்சு விட்டுரு.”